ஜீவாத்துமாவும் கற்கோடரியும்

ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றையும் மனிதனின் தோற்றத்தைக் குறித்து அறிவியல் கூறுவதையும் எவ்வாறு ஒருங்கே ஏற்பது என்னும் வினா நம் திருச்சபைக்குப் புதிதன்று. ஆயினும் அதனை மேனாட்டாரின் வினாவாகவே கருதி வந்துள்ளோம். டார்வினுக்கும் ஆங்கில நாட்டுப் பேராயர்களுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் நமக்கு என்ன பங்கு என்று ஒதுங்கியிருக்கிறோம். உண்மையில் அவ்வழக்கின் சான்றுகளுள் சில நம் ஊர்களின் மண்ணிலேயே கிடக்கின்றன. வழக்கைச் சிக்கலாக்கிய சொற்களுள் ஒன்றும் நம் தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்னை மக்கள் அனைவரும் அறிவர். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து இணைப்புக் கால்வாய் வழியாக அதற்கு நீர் வருகிறது. ஏரி நிரம்பினால் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து, பல்லாவரத்தை அடுத்த ஊர்களின் வழியே கடலை நோக்கிச் செல்கிறது. நீர் வரும் திசையில் ஓரிடமும் நீர் போகும் திசையில் ஓரிடமுமாக, மனித குலத்தின் தொன்மையைப் பற்றிய அறிவில் இந்தியாவுக்கு வழிதிறந்த இரண்டு இடங்கள் உள்ளன. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் செம்பூறாங்கல் சரளைக்கிடையே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் அவரும் வில்லியம் கிங் என்பாரும் பூண்டிக்கு அண்மையில், கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டனர். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்து அப்போது 4 ஆண்டுகளே ஆகியிருந்தன. லயலும் ஹக்ஸ்லியும் மனிதனின் தொன்மையைக் குறித்துத் தத்தம் நூல்களை வெளியிட்டதும் அதே 1863-ஆம் ஆண்டில்தான்.

இந்த ஃபூட், பீட்டர் பெர்சிவல் ஐயரின் மருமகன் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் அருட்பணியாளராக இருந்து, ஆறுமுக நாவலரின் துணையுடன் வேதாகமத்தைத் தமிழாக்கியவர் பெர்சிவல். 1850-ல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு நம் வேதாகம வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஆதியாகமத்தைத் தமிழில் எழுதிய கையும், ஆதி மனிதனின் கோடரியை மண்ணிலிருந்து எடுத்த கையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவ்விருவரும் இதைக் குறித்து என்ன பேசிக்கொண்டனர் என்று கற்பனை செய்வது நம் வேலையன்று. ஆனால் ஒரே வீட்டில் இடம்பெற்ற அவ்விரு பணிகளும் நம் திருச்சபையின் சிந்தனையில் மட்டும் ஏன் ஒன்றையொன்று அறியாமலே இருக்கின்றன என்று கேட்பது நம் கடமை.

ஃபூட்டின் காலத்தில் அக்கருவிகளின் வயதை அளக்க வழியில்லை. இன்று உண்டு. 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011-ல் வெளியாயின. அடியடுக்கில் கிடைத்த கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள். சராசரிக் கணிப்போ ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். கல்லைச் செதுக்குவதில் வேறொரு நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியிருந்தது என்று 2018-ல் அறிவித்தனர். மண்ணடுக்கில் பதிந்துள்ள பழைய காந்தத் திசை, விண்கதிர்கள் கல்லில் விட்ட சுவடு, மணல் கடைசியாகச் சூரிய ஒளி பெற்ற காலம் என ஒன்றையொன்று சாராத முறைகளால் இவை கணிக்கப்பட்டன. கருவி செய்தோரின் எலும்புகள் இந்த அகழாய்வில் கிடைக்கவில்லை. அவர்கள் நம்மினத்தார் அல்லர், நமக்கு முற்பட்ட மனிதவகையினர் என்பதைக் காலமே காட்டுகிறது. எனினும் ஒரு கல்லின் இருபுறமும் சீராகச் செதுக்கிக் கைக்கு அடக்கமாக்கிய அறிவு அவர்களிடம் இருந்தது. அவர்கள் யார்? அவர்களுக்கு ஆத்துமா இருந்ததா? இளைஞர் கூட்டங்களில் இவ்வினா எழும்போது நாம் தரும் விடைகள் பெரும்பாலும் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக மதிப்பிடுவோம்.

வழங்கிவரும் மூன்று விடைகள்

முதலாவது விடை மறுப்பு. உலகம் 6,000 ஆண்டுகளுக்கு உட்பட்டது, ஆகவே அக்கணிப்புகள் தவறு என்பது. பேராயர் அஷர் 1650-ல் வெளியிட்ட நூலில் படைப்பின் ஆண்டை கி.மு. 4004 எனக் கணக்கிட்டார். அது பின்னர் ஆங்கில வேதாகமத்தின் ஓரக் குறிப்பாக அச்சேறி, மூலவாக்கியத்தின் மதிப்பைப் பெற்றுவிட்டது. 1961-ல் விட்காம், மாரிஸ் என்னும் இரு அமெரிக்கர் ஜலப்பிரளயத்தைக் குறித்து எழுதிய நூல் இக்கருத்துக்குப் புத்துயிர் அளித்தது. அதன் சுவடுகளை நம் நாட்டுப் பிரசுரங்களிலும் காணலாம். இவ்விடையில் வேதாகமத்தின்மீது பற்று உண்டு. அதை இகழ்தல் ஆகாது. ஆனால் வம்ச அட்டவணைகளைக் கூட்டிக் கழித்து ஆண்டு காண்பது வேதம் நம்மிடம் கேட்ட பணியன்று. விசுவாசிகள் இயற்கைப் பொருள்களைக் குறித்து அறியாமல் பேசினால், கேட்கும் புறத்தார் உயிர்த்தெழுதலைப் பற்றிய சாட்சியையும் நம்பமாட்டார்கள் என்று அகுஸ்தீன் அன்றே எச்சரித்தார். கல்லூரியில் நிலவியல் பயிலும் மாணவன் ஒருவனிடம், உன் பாடநூலைப் பொய் என்றால்தான் கிறிஸ்துவை மெய் என்று கூறலாம் என்கிற போதகர், அவன் தோளில் கிறிஸ்து வைக்காத சுமையை வைக்கிறார்.

இரண்டாவது விடை பொருத்தம் காண்பது. ஆறு நாள்களும் ஆறு யுகங்கள் என்பர் சிலர். முதல் இரு வசனங்களுக்கிடையே நெடிய இடைவெளி உண்டு என்பர் வேறு சிலர். இடைவெளிக் கொள்கையை 1814-ல் தாமஸ் சால்மர்ஸ் போதித்தார். 1909-ல் வெளிவந்த ஸ்கோபீல்டு விளக்கவுரை அதைப் பரப்பியது. இவ்விடை மறுப்பைவிட இணக்கமானதாகத் தோன்றினும், அறிவியலுக்கும் பொருந்துவதில்லை, வேதத்துக்கும் பொருந்துவதில்லை. கனிதரும் மரங்கள் மூன்றாம் நாளிலும் சூரியன் நான்காம் நாளிலும் தோன்றுகின்றன. பறவைகள் ஐந்தாம் நாளிலும் தரைவாழ் விலங்குகள் ஆறாம் நாளிலும் வருகின்றன. பாறைகள் காட்டும் வரிசை வேறு. மேலும் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன், மரங்கள், விலங்குகள், பெண் என்று வரிசையே மாறுகிறது. இவ்விரு அதிகாரங்களையும் அருகருகே வைத்துத் தொகுத்தவர்கள் இந்த வேறுபாட்டைக் காணாதவர்கள் அல்லர். கால வரிசையைக் கூறுவது தங்கள் நோக்கம் என்று அவர்கள் எண்ணவில்லை என்பதே தெளிவு.

மூன்றாவது விடை பங்கீடு. உடல் பரிணாமத்தால் வந்தது, ஆத்துமாவைக் கடவுள் நேரே கொடுத்தார் என்பது. 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் ஏறக்குறைய இவ்வெல்லையை வகுத்தார். உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆத்துமாவோ கடவுளால் உடனடியாகப் படைக்கப்படுவது என்றார். கற்றறிந்த சீர்திருத்தச் சபையார் பலரும் சொல்லாமலே இதனை ஏற்றுக்கொண்டுள்ளனர். பரிணாமத்தை முதலில் உரைத்த இருவருள் ஒருவரான வாலஸும் மனித மனத்துக்கு அக்கொள்கை விளக்கம் தாராது என்று 1869-ல் எழுதினார். ஆகவே இவ்விடையையே நாம் மிகவும் கவனமாக ஆராய வேண்டும்.

பங்கீட்டில் உள்ள இடர்

ஆத்துமா ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட உயிரினுள் செலுத்தப்பட்டது எனின், அந்நாளுக்கு முன் பிறந்த தாய்க்கு ஆத்துமா இல்லை. அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு உண்டு. அத்தாய் தன் பிள்ளையை எவ்வாறு அணைத்தாள்? அவள் இறந்தபோது பிள்ளை யாருக்காக அழுதது? 2010-ல் நியண்டர்தால் மனிதரின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டபோது இவ்விடர் இன்னும் கூர்மையாயிற்று. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது. அவர்களும் நம் முன்னோரும் கூடிப் பிள்ளைகளைப் பெற்றனர். அப்பெற்றோருள் ஒருவருக்கு ஆத்துமா உண்டு, மற்றவருக்கு இல்லை என்று கூற நாம் துணிவோமா?

ஆத்துமா எவ்வாறு வருகிறது என்பதில் திருச்சபைத் தந்தையரே ஒருமனப்படவில்லை. பெற்றோரிடமிருந்து வருகிறது என்றார் தெர்த்துல்லியன். ஒவ்வொரு பிறப்பிலும் கடவுள் புதிதாகப் படைக்கிறார் என்றார் ஜெரோம். அகுஸ்தீன் இறுதிவரை முடிவு கூறவில்லை. பின்னர் லுத்தரன் இறையியலார் பெரும்பாலும் முதற்கருத்தையும், கால்வின் வழியினர் இரண்டாவதையும் தழுவினர். இத்தனை நூற்றாண்டுகளாகத் தீராத ஒரு வினா, நாம் கேட்கும் விதத்திலேயே பிழையுடையதாக இருக்கலாம் அன்றோ? இங்கேதான் நம் தமிழ்ச் சொல்லைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல்லின் வரலாறு

நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல், பவர் ஐயரின் தலைமையில் 1871-ல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அதில் ஆதியாகமம் 2:7-ல் மனிதன் ‘ஜீவாத்துமா’ ஆனான் என்று காண்கிறோம். எபிரெய மூலத்தில் அங்கு உள்ள சொற்றொடர் ‘நெபேஷ் ஹய்யா’ என்பது. இதே சொற்றொடர் 1:20-லும் 1:24-லும் நீர்வாழ்வனவற்றுக்கும் தரைவாழ் விலங்குகளுக்கும் வருகிறது. அங்கெல்லாம் நம் மொழிபெயர்ப்பு ‘ஜீவஜந்துக்கள்’ என்கிறது. மூலத்தில் ஒன்றாக உள்ள சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்து, மனிதனுக்கு ஒன்று, மிருகத்துக்கு ஒன்று என்று ஆயிற்று. ஆங்கிலத்தில் ஜேம்ஸ் அரசர் பதிப்பும் இவ்வாறே செய்தது. ஆகவே பவர் ஐயரை மட்டும் குறைகூறல் நியாயமன்று. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 2:7-ல் ‘உயிர் உள்ளவன்’ என்று எழுதியது மூலத்துக்கு நெருங்கிய செயலாகும்.

ஆங்கிலத்தைவிடத் தமிழில் விளைவு பெரிது. ‘ஆத்துமா’ என்னும் சொல் தமிழுக்கு வெறுங்கையோடு வரவில்லை. பதி, பசு, பாசம் என்று முப்பொருள் கூறும் சைவ சித்தாந்தம் ஆன்மாவை அநாதி என்கிறது. அது தோற்றமும் அழிவும் இல்லாதது. உடல்கள் அதற்கு வந்து போகும் உறைவிடங்கள். அத்தத்துவம் தனக்குரிய ஆழமும் ஒழுங்கும் உடையது. ஆனால் ஆதியாகமம் கூறுவது அதுவன்று. தமிழ்க் கிறிஸ்தவர் ஜீவாத்துமா என்று கேட்கையில், மண்ணுடலுக்குள் அழியாத ஒரு பொருள் வந்து குடிபுகுந்தது என்றே பொருள்கொள்கின்றனர். மூலமோ, மனிதனுக்கு நெபேஷ் கொடுக்கப்பட்டது என்று கூறவில்லை. மனிதன் நெபேஷ் ஆனான் என்று கூறுகிறது. மண்ணும் மூச்சும் சேர்ந்த முழு ஆளே நெபேஷ். எண்ணாகமம் 6:6-ல் இறந்தவனின் உடலைக் குறிக்கவும் இச்சொல் வருகிறது. பிரசங்கி 3:19 மனிதனுக்கும் மிருகத்துக்கும் சுவாசம் ஒன்றே என்று துணிந்து பேசுகிறது. விலங்குகளோடு நமக்குள்ள உறவை டார்வின் வந்து புதிதாகச் சொல்ல வேண்டிய தேவை எபிரெயருக்கு இருக்கவில்லை.

பவுலும் இவ்வாறே இவ்வசனத்தைப் பொருள்கொண்டார். 1 கொரிந்தியர் 15:45-ல் முந்தின ஆதாமை ஜீவாத்துமா என்றும், பிந்தின ஆதாமாகிய கிறிஸ்துவை உயிர்ப்பிக்கும் ஆவி என்றும் அவர் எதிரெதிராக நிறுத்துகிறார். ஜீவாத்துமா என்பது அழியாமையின் பெயராயின் இந்த எதிர்நிலைக்குப் பொருளே இல்லை. முந்தின வசனத்தில் ‘ஜென்ம சரீரம்’ எனத் தமிழில் வருவதும் கிரேக்கத்தில் அதே ‘ப்சுக்கே’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்ததே. பவுலுக்கு ஜீவாத்துமா மண்ணுக்குரியது, அழிவுக்குரியது. அழியாமையோ கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலினால் வரும் கொடை. ஆஸ்கர் குல்மன் 1955-ல் தம் சொற்பொழிவில் ஆன்மாவின் சாவாமையையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் வேறுபடுத்திக் காட்டினார். நம் அடக்க ஆராதனைகளில் அவ்வேறுபாடு இன்னும் இடம்பெறவில்லை.

படைப்பும் தேவசாயலும்

அவ்வாறாயின் மனிதனின் தனிச்சிறப்பு எங்கே? ஆதியாகமம் 1:27 அதைத் தேவசாயல் என்று கூறுகிறது. சாயல் என்பது பகுத்தறிவு என்று பலர் உரைத்தனர். அங்ஙனமாயின் அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்த பிள்ளையும், நினைவிழந்த முதியவரும் சாயலில் குறைந்தவர்களாகிவிடுவர். ஆனால் திருமறையில் சாயல் என்பது அளந்து பார்க்கும் திறமையாக வரவில்லை. கடவுள் மனிதரை நோக்கிப் பேசுகிறார், அவர்களை ஆசீர்வதிக்கிறார், பூமியை அவர்கள் பொறுப்பில் விடுகிறார், மறுமொழியை எதிர்பார்க்கிறார். சாயல் என்பது அவ்வழைப்பினால் உண்டாகும் உறவும் ஊழியமும் ஆகும்.

இது ஏட்டளவான நுணுக்கமன்று. ஃபூட் திரட்டிய கற்கருவிகள் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அப்போது அதன் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதியினரின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து, 1909-ல் 7 தொகுதிகளாகத் தம் நூலை வெளியிட்டார். மனித குலம் முழுமைக்கும் பொதுவான தொன்மையைக் காட்டும் கற்கள் இருந்த அதே கட்டடத்தில், மனிதரைப் பிரித்து அடுக்கும் அளவுகோலும் இருந்தது. மனிதச் சிறப்பை உடலில் தேடினாலும் அறிவில் தேடினாலும் அளவுகோல் பின்தொடர்ந்தே வரும். அதனை அழைப்பில் கண்டால் அளப்பதற்கு இடமில்லை. ஒரே இரத்தத்தினின்று சகல ஜாதியாரும் உண்டாயினர் என்னும் அப்போஸ்தலர் 17:26-இன் பொருளை மரபணு ஆய்வும் தன் வழியில் உறுதிசெய்கிறது. ஆலயத்தில் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய சபைகள் பரிணாமக் கொள்கையைக் கண்டு அஞ்சியது விந்தையே. அவர்கள் அஞ்ச வேண்டியிருந்தது ஆதியாகமத்துக்கே.

படைப்பு என்னும் அறிக்கை, நிகழ்ச்சிமுறை பற்றிய விளக்கத்துக்குப் போட்டியன்று. ஆதியாகமம் 2:7-ல் மனிதனை உருவாக்கியதைக் கூறும் ‘யாட்சர்’ என்னும் வினைச்சொல்லே எரேமியா 1:5-ல் தாயின் வயிற்றில் தீர்க்கதரிசியை உருவாக்கியதற்கும் வருகிறது. கரு பத்து மாதம் வளரும் முறையை நாம் அறிவோம். அறிந்தும், திருமுழுக்கின்போது இப்பிள்ளையைக் கடவுள் படைத்தார் என்று அறிக்கையிடுகிறோம். அதில் எவரும் முரண்பாடு காண்பதில்லை. பத்து மாதங்களுக்குப் பொருந்துவது 15 லட்சம் ஆண்டுகளுக்கு ஏன் பொருந்தாது? ஏசாயா 43:1 இஸ்ரவேலைக் கடவுள் ‘பாரா’ செய்தார், அதாவது படைத்தார் என்கிறது. அப்படைப்பு எகிப்தும் வனாந்தரமும் அடங்கிய நெடிய வரலாற்றின் வழியாகவே நிகழ்ந்தது.

எஞ்சி நிற்கும் தடை

ரோமர் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, ஒரே ஆதாம் இல்லையெனில் ஒரே மீட்பர் எவ்வாறு என்று கேட்போர் உண்டு. இத்தடையை எளிதாகத் தள்ளிவிடலாகாது. மனித குலத்தின் மரபணு வேறுபாடுகள் ஒரே தம்பதியரை அன்று, ஒரு பெருங்கூட்டத்தையே மூதாதையராகக் காட்டுகின்றன. உயிரினங்களின் மரணமும் மனிதனுக்கு மிக முற்பட்டது என்பதற்குப் பாறைகளே சாட்சி. எனினும் பவுலின் வாதம் ஆதாமிலிருந்து புறப்பட்டுக் கிறிஸ்துவை அடைவதன்று. கிறிஸ்துவின் கிருபை அனைவரையும் எட்டுகிறது என்பதைக் கண்டபின், அனைவரையும் பற்றிய அடிமைத்தனத்தை அவர் திரும்பிப் பார்க்கிறார். ‘ஆதாம்’ என்பது மனிதன் என்னும் பொதுப்பெயருமாம். அழைப்பைக் கேட்டு மறுத்த ஒவ்வொருவரும் அப்பெயரில் அடங்குவர். பாவத்தின் உண்மை புதைபடிவத்தினால் நிலைநாட்டப்படுவதுமன்று, அதனால் குலைவதுமன்று. அதன் சான்று நம்மிடமே உண்டு.

சென்னையில் வாழ்ந்த பி. செஞ்சையாவும் அவருடைய நண்பர்களும் 1938-ல், தாம்பரம் உலக மாநாட்டையொட்டி வெளியிட்ட நூலில் இத்திசையில் ஒரு துணிவான முயற்சி உண்டு. கிறிஸ்துவே புதுப்படைப்பு, படைப்பில் தோன்றிய புதிய மனிதன் என்றார் செஞ்சையா. ஆதாமைத் தேடிப் பின்னோக்கியே பார்த்திருந்த நம்மை முன்னோக்கிப் பார்க்கச் செய்தது அவருடைய பெருந்தொண்டு. ஆயினும் புதுப்படைப்பை உயிர்வளர்ச்சியின் அடுத்த படி போல் அவர் பேசும் இடங்களில் சிலுவையின் குரல் மெலிகிறது. பரிணாமம் வலியவரை நிலைநிறுத்துவது. பிந்தின ஆதாமோ பலவீனராய் மரித்து எழுந்தவர். இவ்வேறுபாட்டை மறந்தால் நற்செய்தி முன்னேற்றக் கொள்கையாகச் சுருங்கிவிடும்.

போதக ஊழியத்துக்கு இதனால் விளைவன மூன்று. ஆதியாகமம் 2:7-ஐப் பிரசங்கிப்போர், அச்சொல் விலங்குகளுக்கும் உரியது என்பதைச் சபைக்கு வெளிப்படையாகக் கூற வேண்டும். ஜலப்பிரளயத்துக்குப் பின் கடவுள் செய்த உடன்படிக்கை சகல நெபேஷ் ஹய்யாவையும் உள்ளடக்கியது. ஏரியில் வந்திறங்கும் பறவைக்கும் அதில் பங்குண்டு. திடப்படுத்தல் வகுப்பில் அறிவியலைக் குறித்துக் கேட்கும் பிள்ளையை அவிசுவாசி என்று அடக்காமல், பூண்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று கற்கோடரியைக் காட்டலாம். கல்லறையில் நிற்கும் குடும்பத்தாரிடம், நமக்குள் அழியாத ஒன்று இருப்பதால் நம்புங்கள் என்று சொல்லாமல், மண்ணிலிருந்து நம்மை ஒருமுறை அழைத்தவர் மீண்டும் அழைப்பார் என்று சொல்ல வேண்டும்.

அத்திரம்பாக்கத்தில் கோடரி செய்தவர்களைக் கடவுள் எப்பெயரால் அழைத்தார் என்பது அவருக்குரிய காரியம். நம்மைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார் என்பது நாம் அறிந்தது. அவ்வழைப்புக்கு மறுமொழி கூறுவதே மனிதனாய் இருத்தல்.